நீரின் சூடும் கையின் குளிரும்: மீன்களின் மைக்கோபற்றீரிய நோயும் ஊவாத் தோட்டப்புற உடல்நலமும்

மனிதரின் நுரையீரலை அரிக்கும் காசநோய்க் கிருமியும், தோலையும் நரம்பையும் பற்றும் தொழுநோய்க் கிருமியும் மைக்கோபற்றீரியம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது மருத்துவம் படித்தோர் அறிந்தது. அப்பேரினத்தில் இருநூறை அண்மித்த இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன என்பதும், அவற்றுட் பெரும்பாலானவை மண்ணிலும் ஆற்றிலும் குளத்திலும் குழாய்நீரிலும் எவருக்கும் இடையூறின்றி வாழ்பவை என்பதும், ஒரு சில மட்டும் மீனின் உடலைத் தமக்கு இருப்பிடமாக்கிக் கொண்டவை என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத செய்திகள். மைக்கோபற்றீரியம் மரீனம், மைக்கோபற்றீரியம் போர்ட்டியூட்டம், மைக்கோபற்றீரியம் செலோனே ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. இவை மீனில் உண்டாக்கும் நோயை மீன் மைக்கோபற்றீரிய நோய் என்பர். மீன் வளர்ப்போர் மீன் காசநோய் என்று சொல்வதும் உண்டு. அந்நோய் மீனின் உடலில் எவ்வாறு நிகழ்கிறது, மீனைத் தொடும் கைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது, ஊவா மாகாணத்தின் தோட்டப்புறங்களில் அதை எவ்வாறு இனங்காணலாம் என்பவையே இச்சொற்பொழிவின் பொருள்.

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவாவுக்குக் கடற்கரை இல்லை. ஆகவே மீன் நோயைப் பற்றிப் பேசுவதற்கு இது உரிய இடந்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு. அப்புத்தளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் உள்ள லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, கடல்மீன் பெரும்பாலும் கருவாடாகவும் நெத்தலியாகவும் டின் மீனாகவுமே வந்திருக்கிறது. உப்பிட்டு உலர்ந்ததும் தகரத்தில் வெந்ததுமான அந்த மீன்களால் இந்நோய் வருவதில்லை. ஆனால் உயிருள்ள மீன் வேறு வழிகளில் மலையேறி வந்துவிட்டது. நகரத்துக் கடையில் நெகிழிப்பையில் வாங்கிய கப்பியும் மோலியும் ஃபைட்டரும் கோல்ட்ஃபிஷ்ஷும் லய வீட்டின் முன்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துகின்றன. படித்து முடித்து வேலை தேடும் இளைஞர் சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்த்து விற்கின்றனர். நுளம்புப் புழுவை உண்ணும் என்பதற்காகக் கப்பி மீனைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விடும் வழக்கமும் உண்டு. மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியிலும் உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களிலும் திலாப்பியா பிடித்தும் வெட்டியும் விற்றும் வாழ்வோர் பலர். இவ்வளவு கைகள் இவ்வளவு நீரில் நாள்தோறும் நனைகின்ற மாகாணத்தில் இந்நோயை அறிந்துவைத்திருப்பது வீண் வேலையாகாது.

இக்கிருமியின் இயல்பை அறிய அதன் மேலுறையிலிருந்து தொடங்க வேண்டும். மைக்கோலிக் அமிலம் எனப்படும் மெழுகு போன்ற நீண்ட கொழுப்பு அமிலங்கள் மைக்கோபற்றீரியங்களின் கலச்சுவரைப் போர்த்தியுள்ளன. அதனாலேயே சாதாரணச் சாயங்கள் இவற்றில் எளிதில் ஏறுவதில்லை; வெப்பமூட்டி ஏற்றிய சிவப்புச் சாயமோ அமிலம் விட்டுக் கழுவினாலும் போவதில்லை. சீல்-நீல்சன் சாயமுறை எனப்படும் இச்சோதனையில் நுணுக்குக்காட்டியின் கீழ் நீலப் பின்னணியில் சிவந்த கோல்களாகத் தெரிபவை அனைத்தும் அமிலந்தாங்கிக் கோலுயிர்கள் எனப்படும். காசநோய்க் கிருமியும் அவ்வாறே தெரியும், மீனின் கிருமியும் அவ்வாறே தெரியும். சாயத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. மெழுகுப் போர்வை கிருமிக்குப் பாதுகாப்பு ஆவது போலவே சுமையாகவும் அமைகிறது. உணவு உள்ளே செல்வது மெதுவாவதால் வளர்ச்சியும் மெதுவாகிறது. குடலில் வாழும் ஈ. கோலி பற்றீரியா நல்ல ஊடகத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க, மரீனத்துக்கு நாலைந்து மணி நேரமும் காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாளும் வேண்டியிருக்கிறது. மெதுவாக வளரும் கிருமி மெதுவாகவே நோய் செய்யும். மெதுவாகச் செய்யப்படும் நோயை மனிதர் பொறுத்துக்கொண்டு போய்விடுவர். இந்நோயின் தீங்கிற் பெரும்பகுதி அந்தப் பொறுமையிலேயே விளைகிறது.

ரொபர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதிலிருந்து 15 ஆண்டுகள் கழித்து, 1897 இல், பத்தையோன், துபார், தேர் என்னும் மூன்று பிரெஞ்சு அறிஞர்கள், கட்டியுடன் காணப்பட்ட ஒரு கெண்டை மீனிலிருந்து அமிலந்தாங்கிக் கோலுயிர்களைப் பிரித்தெடுத்தனர். அந்த மீன் வாழ்ந்த குளத்தில் காசநோயாளி ஒருவரின் கழிவுகள் சேர்ந்திருந்தமையால், மனிதக் கிருமியே மீனுக்குள் சென்று உருமாறிவிட்டது என்று அவர்கள் எண்ணினர். அந்த எண்ணம் பிழை. எனினும் மீனிலும் இத்தகைய நோய் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் அவர்களே. 1903 இல் பெர்லின் மீன்காட்சியகத்துக் கடலாமைகளிலிருந்து ஃபிரீட்மன் என்பவர் பிரித்தெடுத்த கிருமியே இன்று செலோனே எனப்படுகிறது. அதனைக் கொண்டு மனிதரின் காசநோயைத் தீர்க்கலாம் என்று அவர் கூறி, 1913 இல் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றார். சோதித்தவர்கள் பயனில்லை என்று தள்ளினர். நோயாளிகளின் நம்பிக்கையோடு விளையாடிய அந்த நிகழ்ச்சி மருத்துவ வரலாற்றில் ஒரு துயரப் பக்கம். 1926 இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களை ஆராய்ந்த அரன்சன் தாம் கண்ட கிருமிக்குக் கடலுக்குரியது என்ற பொருளில் மரீனம் என்று பெயரிட்டார். கடலிற் பிறந்த பெயர் என்றாலும் அக்கிருமி நன்னீரிலும் உவர்நீரிலும் ஒருசேர வாழ்வது பின்னர் தெரியவந்தது.

மரீனம் என்ற இக்கிருமியின் குணத்தை ஒரே எண்ணிற் சொல்வதானால் 30 என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 30 முதல் 33 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையே அதற்கு உகந்தது. மனித உடலின் உட்பகுதி ஏறத்தாழ 37 பாகையில் இருக்கிறது. அந்தச் சூட்டில் மரீனம் சரிவர வளர்வதில்லை. சூழலின் வெப்பநிலைக்கேற்பத் தன் உடற்சூடும் மாறும் மீனே அதற்கு ஏற்ற வீடு. மனித உடலிற் குளிர்ந்த புறப்பகுதிகள் என்று சில உள்ளன: விரல், புறங்கை, முழங்கை, முழங்கால். நுரையீரலுக்குள் நுழைய முடியாத கிருமி விரல் நுனியில் வாழ்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். மீனைத் தொட்டவருக்கு நுரையீரற் காசநோய் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லாமற் செய்வதும் இதே இயல்புதான்.

இந்த எண்ணை ஊவாவின் நிலவமைப்போடு சேர்த்துப் பார்ப்பது பயனுடையது. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலாகவும், பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றரிலும் இருக்க, மகியங்கனை தாழ்நிலத்தில் கிடக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் மேலிருந்து கீழிறங்க நீரின் சூடு படிப்படியாகக் கூடுகிறது. அப்புத்தளைத் தோட்டத்துச் சிறு குளத்தின் குளிர்நீரில் இக்கிருமி உயிரோடிருக்கலாம்; ஆயினும் பெருகுவது கடினம். மகியங்கனை வாவியின் கரையோர நீரில், வெயில் காயும் மாதங்களில், அது விரும்பும் சூடு இயல்பாகவே கிடைக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவே தோட்டப்புறத்தில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது. குளிர்பிரதேசத்தில் வெப்பநாட்டு மீனை வளர்ப்பவர், அது விறைத்து இறவாதிருக்கத் தொட்டிக்குள் மின்சூடாக்கி ஒன்றை வைப்பர். வெளியே பனி மூடிய லயத்தினுள் அந்தக் கண்ணாடித் தொட்டி மட்டும் தாழ்நிலத்துக் குளமாக மாறிவிடுகிறது. மலையின் குளிர் தரும் காவல் அந்தத் தொட்டிக்கு இல்லை.

நோயுற்ற மீன் எவ்வாறு தோன்றும் என்பதை ஒரு கூராமி மீனைக் கொண்டு விளக்கலாம். கூராமி, ஃபைட்டர், ஏஞ்சல், டிஸ்கஸ், டெட்ரா ஆகியவை இந்நோய்க்கு எளிதில் ஆட்படுபவை. முதலில் அதன் நிறம் மங்கும். மற்ற மீன்கள் இரைக்கு ஓடி வரும்போது அது தொட்டியின் மூலையில், பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டி, தனித்து நிற்கும். வாயில் இட்ட இரையைத் துப்பிவிடும். சில வாரங்களில் முதுகுத் தசை கரைந்து, மேலிருந்து பார்க்கையில் உடல் கத்தியின் விளிம்பு போல ஒடுங்கித் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். சிலவற்றில் இதற்கு மாறாக வயிறு உப்பும்; சிலவற்றில் ஒரு கண் வெளியே பிதுங்கும்; சிலவற்றில் முதுகெலும்பு வளையும். செதில் உதிர்ந்த இடத்தில் ஆழமில்லாத சிவந்த புண் தோன்றி ஆறாமலே கிடக்கும். இறந்த மீனை அறுத்துப் பார்த்தால் மண்ணீரல், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் குரக்கன் மணியளவும் அதனினும் சிறியவுமான வெண்சாம்பல் முடிச்சுகள் நிறைந்திருக்கும். இம்முடிச்சையே மருத்துவர் கிரனுலோமா என்பர். தமிழிற் சிறுமணிக் கட்டி எனலாம். உடலின் காவற் கலங்கள் கிருமியைக் கொல்ல முடியாமற் சூழ்ந்து நின்று கட்டிய சுவர் அது. மனிதரின் காச நுரையீரலிற் காணப்படும் முடிச்சும் இதே வகையானது.

ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு இந்நோய் செல்வது பெரும்பாலும் வாய்வழியாக. இறந்த மீனை மற்றவை கொத்தித் தின்பதும், கழிவும் இரைமிச்சமும் கலந்த நீரை விழுங்குவதும், கிருமி கலந்த உயிரிரையை உண்பதும் முக்கிய வழிகள். உடலிலுள்ள காயங்களாலும் புகும். தொட்டியின் உட்சுவரிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் கையால் தடவினால் வழுக்கும் ஒரு மென்படலம் படிகிறதே, அந்த உயிர்ப்படலமே இக்கிருமியின் நிலையான குடியிருப்பு. நீரை மட்டும் மாற்றினால் அது போவதில்லை. இவ்விடத்தில் அமெரிக்காவின் ஒரிகன் பகுதிச் சால்மன் குஞ்சு வளர்ப்பகங்களின் அனுபவம் நினைவுகூரத் தக்கது. 1950களில் அங்குள்ள குஞ்சுகளிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. முட்டையிட வந்து இறந்த பெரிய சால்மன்களின் குடலையும் இறைச்சியையும் பச்சையாக அரைத்துக் குஞ்சுகளுக்கு இரையாக இட்டமையே காரணம் எனத் தெரிந்தபின், அந்த இரையைச் சூடாக்கிக் கிருமிநீக்கம் செய்து கொடுத்தனர், நோய் அடங்கியது. மருந்தினால் தீராத நோய் இரையின் திருத்தத்தால் தீர்ந்தது. மீன் வெட்டிய கழிவைப் பச்சையாகவே வளர்ப்புத் தொட்டிக்குள் கொட்டும் பழக்கமுள்ள எவரும் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மீனிற் காணும் புண் எல்லாம் இந்நோயல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1987 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை நன்னீர் நிலைகளிற் பரவி விராலையும் பிற மீன்களையும் ஆழமான புண்களோடு கொன்ற கொள்ளைநோய் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணங்கியால் வந்தது. அது விரைந்து வந்து கூட்டமாகக் கொல்லும். மைக்கோபற்றீரிய நோயோ வாரத்துக்கு ஒன்றிரண்டாக, மாதக்கணக்கில், கணக்கிற் படாமலே மீனைக் குறைக்கும்.

மனிதருக்கு வரும் நோயின் வரலாறு நீச்சற் குளத்திலிருந்து தொடங்குகிறது. சுவீடனின் ஓரேப்ரோ நகரத்தில் நீந்துவோரின் முழங்கையில் ஆறாத முடிச்சுகள் தோன்றியதை ஆராய்ந்த நோர்டன், லினெல் ஆகியோர் 1951 இல் குளத்துச் சுவரிலும் நோயாளிகளின் தோலிலும் ஒரே கிருமியைக் கண்டனர். குளிக்குமிடத்துக்குரியது என்ற பொருளில் பல்னே என்று அதற்குப் பெயரிட்டனர். அது அரன்சனின் மரீனமே என்பது பின்னர் உறுதியாயிற்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிளென்வூட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்து வெந்நீரூற்றுக் குளத்தில் நீந்தியவர்களிடையே 290 பேருக்கு இந்நோய் கண்டதாக 1963 இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர். குளங்களின் சுவரைச் செப்பனிட்டு, குளோரீனை முறையாகச் சேர்த்தபின் அந்த வழி பெரிதும் அடைபட்டது. ஆனால் 1962 இலேயே, மீன்தொட்டியிற் கை சிராய்த்த ஒருவரின் நோயை சுவிஃப்ட், கோஹன் ஆகிய இரு மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். மீன்தொட்டியில் குளோரீன் விட்டால் மீனே இறந்துவிடும். ஆதலால் அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. பிரான்சில் 63 நோயாளிகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, அவர்களில் 53 பேர், அதாவது நூற்றுக்கு 84 பேர், மீன்தொட்டியோடு தொடர்புடையவர்கள். 60 பேருக்குக் கையிலேயே நோய் இருந்தது. 18 பேருக்கு அது தோலைத் தாண்டித் தசைநாண், மூட்டு, எலும்பு ஆகியவற்றுக்குள் இறங்கியிருந்தது. மீன் சந்தையும் இதற்கு விலக்கல்ல. 2014 மார்ச்சில் நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களம், சைனாரவுன் சந்தைகளில் உயிர்மீனையும் பச்சை மீனையும் கையாண்டவர்களிடையே இந்நோய் கண்டதைத் தொடர்ந்து, நீர்புகாக் கையுறை அணியுமாறு மக்களை வேண்டிக்கொண்டது.

இப்போது ஊவாத் தோட்டத்தின் ஒரு கையை எடுத்துக்கொள்ளலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தேயிலைச் சாற்றின் கறை கருத்துப் படிந்திருக்கும். கறை படிந்த தோல் காய்ந்து மயிரிழை போன்ற வெடிப்புகளாகப் பிளந்திருக்கும். கவ்வாத்து வெட்டிய செடியின் கூர்முனை புறங்கையைக் கீறியிருக்கும். அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணாகியிருக்கும். முழுத் தோலினுள் நுழைய இயலாத கிருமிக்கு இவை திறந்த வாசல்கள். மாலையில் வீடு திரும்பிய அதே கை பிள்ளை ஆசையாக வளர்க்கும் மீன்தொட்டியின் பஞ்சைப் பிழிகிறது, அல்லது திலாப்பியாவின் முதுகுச் செட்டை முள்ளிற் குத்துப்படுகிறது. குத்துப்பட்ட இடம் இரண்டொரு நாளில் ஆறிவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து, சில வேளை மாதங்கள் கழித்து, அவ்விடத்தில் பட்டாணி அளவு செந்நீல முடிச்சு ஒன்று எழும். வலி பெரிதாக இராது, காய்ச்சல் இராது. முடிச்சு மெல்லப் பெருத்து மேலே பொருக்குக் கட்டும், அல்லது உடைந்து நீர் கசியும். பின்னர் கையின் நிணநீர்க் குழாய்களின் வழியே, விரலிலிருந்து முழங்கையை நோக்கி, கயிற்றிற் கோத்த மணிகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதிய முடிச்சுகள் எழும். அதற்குள் பல மாதங்கள் போயிருக்கும்.

இவ்வாறு வரிசையாக ஏறும் முடிச்சுகள் இந்நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. மண்ணிலும் முள்ளிலும் வைக்கோலிலும் வாழும் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையும் இதே தோற்றத்தை உண்டாக்கும். இலங்கையில் 1992 இல் உள்நாட்டிலேயே தொற்றியதாக முதன்முதலிற் கண்டறியப்பட்ட லீஷ்மேனியா என்ற மணல் ஈ நோயும் ஆறாத தோற்புண்ணாகவே வரும். தோலிற் காசநோயும் தொழுநோயும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பூஞ்சைக்குரிய மருந்து பற்றீரியாவைக் கொல்லாது. புண் என்றதும் எழுதிக் கொடுக்கப்படும் அமொக்சிசிலின் இக்கிருமியை ஒன்றும் செய்யாது. வீக்கம் குறையட்டும் என்று மூட்டுக்குள் ஏற்றப்படும் ஸ்டீரொய்ட் ஊசி நோயை உள்ளே அழுத்திப் பரவவும் விட்டுவிடும். நீரிழிவு உள்ளவர், ஸ்டீரொய்ட் மருந்தை நெடுநாள் உட்கொள்பவர், நோயெதிர்ப்பு குன்றியவர் ஆகியோருக்கு இவ்வகைத் தவறு பெருந்தீங்காக முடியும்.

உரிய மருந்துகள் இருக்கின்றன. கிளரித்ரோமைசின், டொக்சிசைக்கிளின், மினோசைக்கிளின் போன்றவற்றில் ஒன்றோ, ஆழத்தில் இறங்கிய நோய்க்கு ரிபம்பிசின், எத்தம்பியூட்டோல் ஆகியவற்றைச் சேர்த்த கூட்டோ வைத்தியரின் கண்காணிப்பில் மூன்று நான்கு மாதங்கள் கொடுக்கப்படும். புண் ஆறியபின்னும் ஒன்றிரண்டு மாதங்கள் தொடரப்படும். மனிதக் காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட், பைரசினமைட் ஆகியவற்றுக்கு மரீனம் இயல்பாகவே பணிவதில்லை. ஆகவே அமிலந்தாங்கிக் கோலுயிர் என்று கண்டவுடன் அது எந்த இனம் என்று கேட்பது அவசியமாகிறது. இங்கும் அந்த 30 என்ற எண்ணே திரும்ப வருகிறது. காசநோய் ஆய்வுகூடங்களில் வளர்ப்பூடகங்கள் 37 பாகையில் வைக்கப்படுவது முறை. அந்தச் சூட்டில் மரீனம் முளைக்காமற் போகும், கிருமி இல்லை என்று அறிக்கை வரும். திசுவை அனுப்பும் வைத்தியர் 30 பாகையிலும் ஒரு பிரதி வைக்குமாறு எழுதி அனுப்பினாற்றான் ஓரிரு வாரங்களில் கிருமி முளைக்கும். வெளிச்சம் காட்டினால் வெண்மையாக இருந்த குடியேற்றம் மஞ்சளாக மாறித் தன்னைத் தானே அடையாளம் காட்டும். அவ்வாறு எழுதுவதற்கு வைத்தியருக்கு நோயாளி மீன் வளர்ப்பவர் என்பது தெரிந்திருக்க வேண்டும். முழு நோயறிதலும் ஒரு கேள்வியில் தொங்கி நிற்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு கருத்தைப் பதிவு செய்தல் வேண்டும். லயங்களில் காசநோய் என்ற சொல்லுக்கு உள்ள கனம் வெளியிலிருப்போருக்கு எளிதில் விளங்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழும் இடத்தில், ஒருவருக்கு அந்நோய் என்றால் அவருடைய தேநீர்க் கோப்பை தனியாகும், அயல்வீட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு வர அஞ்சுவர், பெண்ணின் திருமணப் பேச்சு தடைப்படும். கையில் முடிச்சு வந்தவரிடம் மீன் காசநோய் என்று சொல்லிவிட்டால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாத நோய்க்குத் தொற்றும் நோயின் இழிவு முழுவதும் வந்து சேரும். பிறப்பிலேயே பி.சி.ஜி. ஏற்றப்படும் நாட்டில் தோலிற் செய்யும் காசநோய்ச் சோதனை காட்டும் வீக்கத்துக்குக் காரணங்கள் பல. மரீனம் தொற்றினாலும் அச்சோதனை வீங்கும். அதை வைத்து ஒருவரைக் காசநோயாளி ஆக்கிவிடலாகாது. மனிதருக்கு வரும் இந்நோய்க்கு வழங்கும் மீன்தொட்டிக் கட்டி என்ற பெயரோ, நோய் வந்த வழியையும் வந்த இடத்தையும் ஒருங்கே சொல்வது. தோட்டச் சிகிச்சை நிலையங்களில் அதையே வழங்குவது நோயாளிக்குச் செய்யும் நீதி. நன்கு வேகவைத்த மீனை உண்பதால் இந்நோய் வராது என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். புரதம் குறைந்த உணவில் வாழும் குடும்பம் அச்சத்தால் மீனைக் கைவிடுவது நோயினும் கேடானது.

மீனின் இந்நோய் மனிதரின் காசநோய் ஆராய்ச்சிக்குச் செய்துவரும் உதவியும் குறிப்பிடத்தக்கது. 2008 இல் மரீனத்தின் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 66 இலட்சம் எழுத்துகள் இருப்பதும், காசநோய்க் கிருமியினதில் 44 இலட்சம் மட்டுமே இருப்பதும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் நெருங்கிய உறவினர். நீரிலும் மீனிலும் வாழத் தேவையான பலவற்றை மரீனம் இன்றும் வைத்திருக்க, மனித உடலுக்குள் ஒடுங்கிய காசநோய்க் கிருமி அவற்றை இழந்துவிட்டது. தெற்காசிய நீரோடைகளைத் தாயகமாகக் கொண்டதும், அலங்கார மீன் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பதுமான வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடலுடையது. அதனுள் மரீனத்தைச் செலுத்தி, சிறுமணிக் கட்டி உருவாவதை உயிரோடிருக்கும் உடலிலேயே பார்க்கும் வழியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து லலிதா இராமகிருஷ்ணன். சிதம்பரத்திற் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் தங்கை. கிருமியைச் சிறை வைக்க உடல் கட்டிய கோட்டை என்று நெடுங்காலம் கருதப்பட்ட கட்டியை, கிருமியே தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்துகிறது என்பதை அவருடைய குழுவினரின் 2009 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. காவற் கலங்கள் ஒவ்வொன்றாகக் கட்டியை நோக்கி வர, வந்தவற்றுள் கிருமி புகுந்து பெருகுகிறது. ஒரு சிறு மீனின் நோயை ஊன்றிப் பார்த்ததால் உலகின் மிகப் பழைய மனித நோய்களுள் ஒன்றைப் பற்றிய பாடநூற் கருத்து மாறிற்று.

ஊவாவில் இதன்பொருட்டுச் செய்யக்கூடியவை பெரும் பணம் வேண்டுபவை அல்ல. நோயுற்ற அலங்கார மீனுக்கு மருந்திட்டுக் காப்பாற்ற முயல்வது பயனற்றது. மருந்து கிருமியை ஒழிக்காது, கிருமியை மருந்துக்குப் பழக்கவே செய்யும். மெலிந்த மீனை உடனே பிரித்தெடுத்து அகற்றுவதும், இறந்ததைக் கானிலோ ஓடையிலோ எறியாமல் நீர்நிலைக்குத் தொலைவிற் புதைப்பதும், வலையையும் கல்லையும் கொதிநீரில் இட்டு எடுப்பதும், வெறுமையாக்கிய கண்ணாடியை 70 வீத அல்ககோலால் துடைத்துக் காயவைப்பதும், பழைய பஞ்சை எறிந்துவிடுவதுமே வழி. கப்பியை நுளம்பொழிப்புக்காகப் பீப்பாய்க்கு மாற்றும்போது நோயுள்ள தொட்டியிலிருந்து எடுக்கலாகாது. தொட்டி நீரை வாயால் உறிஞ்சிக் குழாயில் இறக்கும் வழக்கத்தைச் சிறுவர் அடியோடு விட வேண்டும். கையிற் கீறலோ வெடிப்போ உள்ளவர் நீர்புகாக் கையுறை இன்றித் தொட்டிக்குள் கைவிடலாகாது. கையுறை இல்லாதபோது வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுப் பீலித் தண்ணீரில் நன்றாகக் கழுவுவதே குறைந்தபட்சக் காவல். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் உயிரின நோயை ஆராயும் வசதி உண்டு. பதுளையிலேயே, 2005 இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீரியல் வளத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. தோட்டத்து இளைஞர் வளர்க்கும் மீனை அம்மாணவர் தேடிச் சென்று பார்ப்பதும், இறந்த மீனின் மண்ணீரலைச் சாயமிட்டுப் பார்ப்பதும் படிப்பின் பகுதியாகவே அமையலாம். நன்னீர் மீன்வளர்ப்பை ஊக்குவிக்கும் நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அதிகாரிகள் குஞ்சு வழங்கும்போதே இந்நோயின் அறிகுறிகளைத் தமிழிலும் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் முந்தியது தோட்டச் சிகிச்சை நிலையத்தில் செய்ய வேண்டியது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத முடிச்சோடு ஒரு கை நீட்டப்படும்போது, மருந்து எழுதுமுன் மீன் வளர்க்கிறீர்களா, மீன் வெட்டினீர்களா, மீன் முள் குத்தியதா என்று கேட்டு, விடையை நோயாளியின் அட்டையில் எழுதிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் இம்மாகாணத்தின் ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்பட வேண்டும். தசைநாணில் நோய் இறங்கிய விரல் மடங்காது. மடங்காத விரலாற் கொழுந்து கிள்ள முடியாது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாட் சம்பளந்தான்.